மழைக் கண்டக்டரும் மேட்டு நிலமும்

உலகத்தில் எந்த நாட்டில் எந்தப் பயிர் விளையும், எது தலைகீழாக நின்றாலும் விளையாது, அதனால் அந்த நாட்டுக்காரன் எப்படிப் பிழைக்கிறான் என்பதையெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்த கண்டக்டர் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் மினி பஸ்ஸில் இருந்தார்.

அந்த மினி பஸ் சமயநல்லூருக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் கிளம்பி, பரவை வழியாக ஆரப்பாளையம் வந்து மூச்சு வாங்கும். நான் அப்போது சமயநல்லூரில் குடியிருந்தேன். டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. ரொம்ப முந்தைய கதை ஒன்றுமில்லை. எல்லார் கையிலும் செல்போன் வந்து, ஆளாளுக்கு யூடியூப் பார்த்து டாக்டராகவும் ஜோசியராகவும் ஆகிவிட்ட காலம்தான். எங்கள் கண்டக்டர் வானிலைக்காரராக ஆனார். அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மழைக் கண்டக்டர்.

பெயர் வந்த காரணம் சுருக்கமானது. காலையில் ஏறினால், "இன்னிக்கு சாயந்தரம் பிச்சு ஒதறப் போகுதுக்கா" என்பார். சாயந்தரம் வெயில் மண்டையைப் பிளக்கும். "காத்து திசை மாறிருச்சு, நாளைக்குப் பாருங்க" என்பார். அவர் சொல்லி ஒரு தூறல்கூட விழுந்ததில்லை. ஒரே ஒரு நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தபோது கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னைக் கேட்காமல் வானம் முடிவெடுத்துவிட்டது என்ற கோபம்.

இந்த ஜோசியத்தால் நிஜமாகவே பாதிக்கப்பட்டவர் காதர் பாய் ஒருவர்தான். டவுனில் பழைய கடைவீதியில் குடைக் கடை வைத்திருந்தார். பரவையில் மகள் வீட்டிலிருந்து தினமும் எங்கள் பஸ்ஸில் போவார். கண்டக்டருக்கு அவர் பாய் மாமா, அவருக்கு இவர் மாப்ள.

"மாப்ள, நீ மழைன்னு சொன்னதக் கேட்டு கறுப்புக் கொடையா எறக்கிட்டேன். அம்புட்டும் கெடக்கு."

"கவலப்படாதீங்க மாமா, வெயிலுக்கு வித்துரும்."

"அது நீ சொல்லாமயே விக்கும். இந்த ஊருல மழைக்குக் கொட வாங்குனவன் எவன்?"

கண்டக்டருக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார். "கேட்டீங்களா? கொட யாவாரமே வானத்தப் பாத்துத்தேன் நடக்குது. அப்ப வெவசாயம் எப்படி நடக்கும்? ஒரு நாடு பொழைக்கிறதும் சாகுறதும் ரெண்டே விசயத்துல இருக்கு. ஒண்ணு மேல இருக்கு, வானம். ஒண்ணு கீழ இருக்கு, மண்ணு. நடுவுல நிக்கிற நாம சும்மா டிக்கெட்டு."

அதற்குள் நான்கு பேர் டிக்கெட் வாங்காமல் இறங்கிப் போயிருந்தார்கள்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. ஒருநாள் முகூர்த்தக் கூட்டம். நிற்கக்கூட இடமில்லை. யாரோ ஒருவர், "நம்ம நாடுதேன் எம்புட்டு பெருசு, இருந்தும் வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வருதே" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தியேவிட்டார்.

"இந்தா, இந்த பஸ்ஸுதேன் நாடுன்னு வச்சுக்கங்க. பஸ்ஸு எம்புட்டு நீளங்கிறதா முக்கியம்? உக்கார சீட்டு எத்தன இருக்குங்கிறதுதேன் முக்கியம். இஞ்சின் மேடு இருக்கே, அது பாலைவனம். உக்காந்தா பொசுங்கிரும். படிக்கட்டு கடக்கரை, தொங்கலாம், வெதைக்க முடியாது. டிரைவர் சீட்டு பனிமலை, அங்குட்டு ஒருத்தரும் போக முடியாது. மிச்சம் இருக்கிற சீட்டுதேன் வெளையுற நெலம். அதுலயும் காத்து வர்ற சன்னல் சீட்டு தஞ்சாவூரு. அதுக்குத்தேன் இம்புட்டு அடிதடி."

"அப்ப நான் நிக்கிற எடம்?" என்று கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

"நீங்க ராமநாதபுரம்ணே. மழை வந்தாத்தேன் ஒங்களுக்கு வழி."

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட எரிச்சல். ஆனால் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சீட்டுக் கணக்கு ஞாபகம் வந்து, தட்டெழுத்தை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். வக்கீல் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் பெட்டியோடு ஏறினால் போதும், கண்டக்டர் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார். "அங்குட்டு என்னாண்ணே வெளையுது?" அவர் பாவம், பயணக் களைப்பில், "பேரீச்சம்பழம்" என்பார். "பாத்தீங்களா? மண்ணு கைவிட்டாலும் அவன் மண்ணுக்கு ஏத்ததக் கண்டுபிடிச்சு வச்சான் பாருங்க. குளுருற ஊருக்காரன் கோதுமைய வச்சான், ஆப்பிள வச்சான். ஆப்பிளக் கொண்டாந்து சமயநல்லூருல நட்டா வருமா? நம்ம ஊரு மல்லியப்பூவ அங்குட்டு கொண்டுபோயி நட்டா வருமா? மண்ணு என்னா கேக்குதோ அதத்தேன் குடுக்கணும். நாம ஆசப்பட்டதக் குடுக்கக் கூடாது." இதைக் கேட்டுக் கிறங்கிப்போய் ஒரு வளைகுடாக்காரர் தன் நிறுத்தத்தைத் தாண்டி ஆரப்பாளையம் வரை வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். திரும்பும்போதும் அவருக்கு டிக்கெட் போட்டார் நம் ஆள்.

டிக்கெட் விஷயத்தில் அவர் பெண்டாட்டிக்கே தள்ளுபடி கிடையாது. பேச்சியம்மா பரவை மார்க்கெட்டில் விடியற்காலை காய் வாங்கி, டவுனில் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவர். கூடையோடு ஏறியதும் தினமும் ஒரு நாடகம் நடக்கும்.

"கூடைக்கு லக்கேஜ் போடணும்."

"எனக்கா? ராத்திரிக்கு ஒலையில அரிசி போடுறது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்."

"வீடு வேற, வண்டி வேற."

"ஆமா, வண்டியில பெரிய கலெக்டரு. வீட்டுல கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு டிக்கெட்டக் கிழிங்க."

பேச்சியம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்ல வேண்டும். கண்டக்டருடைய அப்பாவும் அந்த அப்பாவுக்கு அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அடுத்தவர் நெல்லை அறுத்து, அடுத்தவர் களத்தில் அடித்துக் கொடுத்தவர்கள். ஒரு கைப்பிடி மண் சொந்தமாகக் கிடையாது. நம் ஆள் கண்டக்டர் வேலையில் மிச்சம் பிடித்து, பேச்சியம்மா கூடை சுமந்து மிச்சம் பிடித்து, இருவருமாக ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். அந்த வம்சத்தில் முதல் பட்டா. பேச்சியம்மாவின் காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

நிலம் வாங்கினார்களே தவிர, அது ஏன் அவர்கள் விலைக்குக் கிடைத்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. வாய்க்கால் கீழே ஓடும், நிலம் மேலே உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கும். போர் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை, புழுதி வந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் பிளாட் போட்டு விற்றுவிட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கல் ஊன்றிக்கொண்டே வந்த பிளாட்காரர், இவருடைய மேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மா ஒரு கெடு வைத்தார். அதையும் பஸ்ஸில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும்தான் வைத்தார். "வார ஆடியில எதையாச்சும் போடுங்க. வெளஞ்சா நெலம் இருக்கட்டும். வெளையலையா, குடுத்துட்டு வீட்டுக்குக் கூரையப் போடுவோம். இனிமே மழை பேஞ்சா சட்டிய எடுத்துக்கிட்டு என்னால ஓட முடியாது." கண்டக்டர், "சரித்தா" என்றார். அவர் சுருக்கமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

அந்த வருஷச் சித்திரையில் ஊர் மாதிரியே அவரும் அழகர் என்ன பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று காத்திருந்தார். பச்சைப் பட்டு என்றால் வெள்ளாமை செழிக்கும், நாடு குளிரும். அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இவர் காத்திருந்த மாதிரி யாரும் காத்திருக்கவில்லை. முதல் நாளே போய் ஆற்றங்கரையில் இடம் பிடித்தார். சாமி இறங்குகிற நேரம் பார்த்து, தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர் ஒருவர் நேராகக் கண்ணிலேயே அடித்துவிட்டாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "என்னா பட்டுங்க, என்னா பட்டு" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தார்.

"பச்ச!" என்று அவர் படியில் நின்று கத்தியபோது பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினோம். டிரைவர் செல்வம் காற்று ஒலிப்பானை அமுக்கிப் பிடித்தான். ரோட்டில் போன ஆடுகள் சிதறி ஓடின.

"நெல்லு போடப் போறேன்" என்றார் கண்டக்டர்.

செல்வம் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அழகர் பச்ச கட்டுனது நாட்டுக்கு. ஒங்க மேட்டுக்குன்னு தனியாச் சொன்னாரா?"

"நாட்டுக்குள்ளதானடா மாப்ள எம் மேடு இருக்கு?"

பேரீச்சம்பழமும் ஆப்பிளும் சொன்ன மனுஷன், மேட்டில் நெல் போடுகிறேன் என்கிறாரே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பச்சை என்ற ஒரு சொல்லில் எங்களுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. காதர் பாய் கூட, "துவா செய்றேன் மாப்ள, பொங்கலுக்கு ஒன் வீட்டு அரிசியிலதேன் எனக்குச் சோறு" என்றார்.

ஆடியில் ஒரு மழை பெய்தது. அந்த ஈரத்தில் விதைத்தார். முளைத்தது. அவ்வளவுதான், எங்களுக்கு ஆபத்து. செல்போனை நீட்டி, "பாருங்கக்கா, இது நேத்து. இது இன்னிக்கு" என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். "வளந்திருக்கு கண்டக்டர்" என்று சொன்னால்தான் மீதிச் சில்லறை கைக்கு வரும். அந்தப் போனில் பேச்சியம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நெல். நிமிர்ந்த நெல், சாய்ந்த நெல், பனித்துளியோடு நெல்.

ஆவணியில் வானம் கையை விரித்தது. கீழே வாய்க்காலில் தண்ணீர் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் நெல் வெளுக்க ஆரம்பித்தது. ஒருநாள் பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய நீலக் கேன். "எறங்குறவங்க பாட்டில்ல மிச்சம் இருக்கிற தண்ணிய இதுல ஊத்திட்டுப் போங்க. சிந்தாம ஊத்துங்க. உசுருக்குச் சமானம்."

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நான் வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு நானும் ஊற்றினேன். காலேஜ் பிள்ளைகள் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஊற்றினார்கள். வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. காதர் பாய் ஒருநாள் ஞாபக மறதியில் நன்னாரி சர்பத்தை ஊற்றிவிட்டார்.

"மாமா, எறும்பு வருமே மாமா."

"வரட்டும் மாப்ள. நெல்லும் கொஞ்சம் இனிப்பா இருக்கட்டும்."

புரட்டாசி முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. ஒருநாள் காலையில் கேன் இல்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், விசில் ஊதினார். பேசவில்லை. பரவை வந்தது, பேசவில்லை. பஸ்ஸில் இஞ்சின் இவ்வளவு சத்தம் போடும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

காதர் பாய்தான் தாங்க முடியாமல் கேட்டார். "என்னா மாப்ள, இன்னிக்கு எந்த நாட்டுலயும் வெள்ளாமை இல்லையா?"

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கருகிப் போச்சு மாமா. அம்புட்டும். எங்க அய்யா பொழுதன்னைக்கும் நெல்லுக்கட்டு சொமந்த ஆளு. ஒரு நாளும் அவரு நெல்லுன்னு ஒண்ணு இருந்ததில்ல. எம் வீட்டு அடுப்புல எம் நெல்லு வேகணும், அதத் திங்கணும்னு ஆசப்பட்டேன். வேற ஒண்ணுமில்ல."

பேச்சியம்மா கூடையை அணைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளாட்காரர் முன்பணத்தோடு நிலத்துக்கு வருகிறார் என்று செல்வம் எங்களுக்குச் சொன்னான். சொன்னது பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு. கண்டக்டர் லீவு போட்டிருந்தார். எனக்கு அன்று டவுனில் ஒரு துக்கம் விசாரிக்கிற வேலை. காதர் பாய்க்குக் கடை. செல்வம் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "என்னாக்கா செய்யலாம்?" என்றான். "என்னத்தடா கேக்குற, திருப்புடா" என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

திருப்பினான். மினி பஸ் தார் ரோட்டிலிருந்து மண் பாதையில் இறங்கிக் குதித்தது. பஸ்ஸில் ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள். ஆரப்பாளையம் போய் அங்கிருந்து அழகர்கோவிலுக்குப் போக வேண்டியவர்கள். பஸ் கருவேலங்காட்டுக்குள் போவதைப் பார்த்து மாப்பிள்ளை, "கடத்துறாய்ங்களா?" என்று பெண்ணிடம் கேட்டது எங்களுக்கே கேட்டது. "இல்ல தம்பி, சும்மா ஒரு நெலம் பாக்கத்தேன்" என்றார் காதர் பாய். அதில் மாப்பிள்ளை இன்னும் பயந்துவிட்டார்.

மேட்டில் கண்டக்டரும் பேச்சியம்மாவும் நின்றிருந்தார்கள். பிளாட்காரர் வெள்ளைச் சட்டையில், வேர்த்து வழிந்துகொண்டு, முன்பணத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸைக் கண்டதும் கையை மறுபடி பைக்குள் விட்டார். நாங்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி இறங்கினோம்.

இறங்கியதும் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் முருங்கை போடச் சொன்னார். ஒருவர் கோழிப் பண்ணை என்றார். புதுப்பெண் பயம் தெளிந்து, டிராகன் ஃப்ரூட் போடலாம், யூடியூபில் பார்த்தேன் என்றாள். காதர் பாய் ஒரு குடையை விரித்து பேச்சியம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "விக்காத மாப்ள, யோசன பண்ணு" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்திரத்தில் வில்லங்கம் இருக்கும், பார்க்காமல் வாங்காதீர்கள் என்று பிளாட்காரரைப் பயமுறுத்தினேன்.

கண்டக்டர் கருகின நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே, "குடுத்துருவோம். மண்ணு சரியில்ல" என்றார்.

அப்போது பேச்சியம்மா குடைக்கு வெளியே வந்தார்.

"மண்ணு சரியில்லையா? யோவ், பஸ்ஸுல நீ எம்புட்டு நாளாக் கத்துன? நான் காதப் பொத்திக்கிட்டா வந்தேன்? மண்ணு கேக்குறதக் குடுக்கணும், நாம ஆசப்பட்டதக் குடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவ. ஒன் மண்ணு என்னைக்காச்சும் நெல்லு கேட்டுச்சா?"

கண்டக்டர் நெல்லைக் காலால் தள்ளுவதை நிறுத்தினார்.

"பரவையில தெனம் பாக்குறேன். கேரட்டு மலையில இருந்து எறங்குது. திராட்சை கம்பத்துல இருந்து வருது. மலையில மழை கூடுனா இங்குட்டு கேரட்டு வெல ஏறுது. எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்கு. இது தண்ணி நிக்காத எடம், வெயிலு காயுற எடம். சீனியவரைக்கு வேற என்னா வேணும்?"

"சீனியவரையா?" கண்டக்டர் முகம் சுருங்கிப்போனது. வெளியூர்க்காரர்கள் கொத்தவரங்காய் என்பார்களே, அதுதான். "எங்க அய்யா நெல்லுக்கட்டு சொமந்த ஆளு பேச்சி."

"அடுத்தவன் கட்டு. நம்ம பொருளச் சொமப்போம்யா, அது கூடையா இருந்தா என்ன?"

பிளாட்காரர் பொறுமையாக, "அக்கா, இந்த மண்ணு ஒண்ணுக்கும் ஒதவாதுக்கா, நான் சொல்றதக் கேளுங்க" என்றார்.

"ஒண்ணுக்கும் ஒதவாத மண்ணுக்காண்ணே இம்புட்டு வெயில்ல வந்து நிக்கிறீங்க? போங்க, போயி நெழல்ல உக்காருங்க."

அவர் போய்விட்டார். நாங்களும் பஸ் ஏறினோம். புதுமாப்பிள்ளை, இந்த மாதிரி டிரிப் தினமும் உண்டா என்று செல்வத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் பேச்சியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கூரை என்ன ஆவுறது?" என்று கேட்டேன். கூடைக்குள் காயை அடுக்கினார். "குடுத்துருவோம்னு அந்த மனுசன் சொன்ன கொரலக் கேட்டீங்கள்லக்கா. வாயில பயிரு பேரு வராத மனுசனோட, ஒழுகாத வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றார். பின்னாலிருந்து கண்டக்டர், "லக்கேஜ், லக்கேஜ்" என்று வந்தார். எனக்கு அவரை ஓங்கி ஒரு குத்து விடலாம் போல இருந்தது.

ஐப்பசி முதல் மழையில் சீனியவரை ஊன்றினார்கள். இந்தத் தடவை கண்டக்டர் படம் காட்டவில்லை. கேட்டால், "கெடக்குக்கா" என்பார். நெல்லுக்கு ஏங்குகிற மனசுக்குச் சீனியவரை இளக்காரம்தான். ஆனால் சாயந்தரம் கடைசி டிரிப் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மேட்டுக்குப் போகிறார் என்று செல்வம் சொன்னான்.

கார்த்திகையில் புயல் வந்தது. விடாமல் பெய்தது. வைகையில் செந்தண்ணீர் கரை தொட்டுப் போனது. தாழ்ந்த வயலெல்லாம் குளமாகி, தக்காளியும் கத்திரியும் வேரோடு அழுகின. பரவை மார்க்கெட்டில் காய் வரத்து சுருங்கி, வியாபாரிகள் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார்கள். எங்கள் பஸ் அந்த மழையில் ஓடிய முதல் நாள், மண் பாதை பிரிகிற இடம் வந்ததும் கண்டக்டர் விசில் ஊதினார். பணப்பையை என் மடியில் போட்டுவிட்டு, மழையில் குதித்து ஓடினார். அவர் அப்படி ஓடி நாங்கள் பார்த்ததில்லை. பேச்சியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் ஒருவர்கூட, நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு ஆபீசில் அன்று முக்கியமான வேலை. நான்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது முழங்கால்வரை செம்மண். மூச்சு இரைத்ததில் பேச்சு வரவில்லை. பேச்சியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நிக்கல பேச்சி. ஒரு சொட்டு நிக்கல. அம்புட்டுத் தண்ணியும் வழுக்கிக் கீழ போயிருச்சு. பூவும் பிஞ்சுமா நிக்குது."

ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த தண்ணீர், தங்கவும் மாட்டேன் என்று போய்விட்டது. மேடு பிழைத்தது. பஸ்ஸில் போட்ட கூச்சலில் ரோட்டோரக் கடைக்காரர்கள் விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்கள். காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மழை பேஞ்சதுக்கு ஒரு கொடையும் விக்கல, ஆனாலும் மனசு குளுந்துபோச்சு மாப்ள" என்றார். அவ்வளவு மழைக்கு எவன் கடைக்கு வருவான்?

முதல் பறிப்பு ஒரு கூடை. ஆரப்பாளையம் போவதற்குள் பஸ்ஸிலேயே காலியாகிவிட்டது. சந்தையில் காய் இல்லாத நேரம். பேச்சியம்மாவும் சலுகையெல்லாம் காட்டவில்லை, நல்ல விலைக்கே விற்றார்.

அன்று எனக்கு அரைநாள் லீவு. மதியம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறப் போனேன். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. கண்டக்டர் படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். ரேஷன் அரிசிச் சோறு. ஓரத்தில் சீனியவரைப் பொரியல், தேங்காய்ப்பூ தூவி. ஒரு வாய் எடுத்து வைத்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"என்னா கண்டக்டர், உப்புப் பத்தலையா?"

"இல்லக்கா." சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சோறு வாங்குனதுதேன். காயி எம் மண்ணுக்கா. எங்க அய்யா இருந்திருந்தா ஒரு வாய் குடுத்திருப்பேன்." சட்டி மூடியில் கொஞ்சம் அள்ளி வைத்து என்னிடம் நீட்டினார். "நீங்க திங்குங்க."

எனக்குச் சீனியவரை பிடிக்காது. சின்ன வயதிலிருந்து இலை ஓரத்தில் ஒதுக்கிவைக்கிற காய். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், அத்தனை சனங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒன்று விடாமல் தின்றேன். மூடியை வழித்துவிட்டுத்தான் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது நான் ஊரின் வேறு பக்கத்தில் இருக்கிறேன். ஸ்கூட்டர் வந்துவிட்டது, மினி பஸ் தேவைப்படுவதில்லை. காய்கறிக் கடையில் சீனியவரையைப் பார்த்தால் மட்டும் கை தானாகப் போய்க் கால் கிலோ எடுத்துவிடுகிறது. வீட்டில் ஒருத்தரும் தொடுவதில்லை. நானே சாப்பிடுகிறேன்.